பேச்சில் இல்லாத இறந்தகாலம்: பிரெஞ்சு வினைச்சொற்களோடு ஓர் அறிமுகம்

பேச்சில் எவரும் பயன்படுத்தாத ஒரு காலவடிவம், எழுத்தில் மட்டும் உயிரோடு இருக்க முடியுமா? முடியும் என்பதற்குப் பிரெஞ்சு மொழி நல்லதோர் எடுத்துக்காட்டு. பாரிஸ் நகர உணவுக்கடையில் காப்பி குடிக்கும் எவரும் அந்த வடிவத்தில் பேசமாட்டார். தாய் மகளிடம் பேசும்போதும் அது வராது. ஆனால், அதே மகளுக்குத் தாய் உறங்கும் முன் ஒரு கதைப்புத்தகத்தைப் படித்துக் காட்டினால், வரிக்கு வரி அதுவே வரும். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'பாஸே ஸேம்ப்ல்' என்கிறார்கள். துணைவினை எதுவும் சேராமல் ஒரே சொல்லாக நிற்பதால் இக்கட்டுரையில் அதைத் 'தனி இறந்தகாலம்' என்று அழைக்கிறேன்.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்பே பிரெஞ்சு மொழியைக் கூடுதல் பாடமாக எடுத்தேன். முதல் மூன்று பருவங்களில் தனி இறந்தகாலம் என்ற பேச்சே எழவில்லை. கடையில் பொருள் வாங்கவும் வழி கேட்கவும் அது தேவைப்படவில்லை. நான்காம் பருவத்தில் ஒரு கதைப்புத்தகத்தைத் திறந்தபோதுதான் வினைச்சொற்கள் எல்லாம் முகம் மாறி நின்றன. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மிகவும் துணைசெய்தது தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தமிழ் வகுப்பிலும் படித்த இலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பாடம் பாதி முடிந்தது எனலாம். அதனால்தான் இதை நம் ஆண்டு மலரில் எழுத எண்ணினேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்தில் முழுமையாக எழுத இயலாது. மூக்கொலிகளும் தொண்டையில் உரசும் ரகரமும் நம் எழுத்துக்கு அடங்கா. நான் தருவது ஏறத்தாழ அமைந்த ஒலிப்பு. எழுத்துக்கூட்டலைச் சொல்ல வேண்டிய இடங்களில் ஏ, ஈ, ஐ, எஸ் என்று நாம் ஆங்கில எழுத்துகளை அழைக்கும் பெயர்களாலேயே சொல்கிறேன்.

மூன்று இறந்தகாலங்கள்

பிரெஞ்சு மொழியில் இறந்தகால வடிவங்கள் பல உண்டு. கதை படிப்பவருக்கு அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, 'கூட்டு இறந்தகாலம்'. இதில் துணைவினை ஒன்றும் முதன்மை வினையின் எச்சவடிவம் ஒன்றும் சேர்ந்து வரும். நம் 'பேசியிருக்கிறேன்' என்பதில் 'பேசி', 'இருக்கிறேன்' என இரண்டு சேர்ந்திருப்பது போல. இன்றைய பிரெஞ்சுப் பேச்சில் 'பேசினேன்' என்று சொல்லவும் இதுவே பயன்படுகிறது.

இரண்டாவது, 'தொடர் இறந்தகாலம்'. 'பேசிக்கொண்டிருந்தேன்', 'அந்த நாளில் பேசுவேன்' என்பன போன்ற பொருளைத் தரும். பின்னணியையும் வழக்கத்தையும் சொல்ல இது உதவும். பேச்சு, எழுத்து இரண்டிலும் உண்டு.

மூன்றாவது, நம் கட்டுரைக்குரிய தனி இறந்தகாலம். தொடங்கி முடிந்துவிட்ட செயலை, பேசுபவரின் இன்றைய நிலையோடு தொடர்புபடுத்தாமல் சொல்வது. கதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திச் செல்வது இதன் வேலை.

ஒரு சிறு காட்சியை எண்ணிப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. ஒரு முதியவர் உள்ளே நுழைந்தார். பிரெஞ்சில் மழை தொடர் இறந்தகாலத்தில் வரும். கதவும் முதியவரும் தனி இறந்தகாலத்தில் வருவார்கள். மழை, மேடைக்குப் பின்னால் தொங்கும் திரை. கதவு திறப்பதும் முதியவர் நுழைவதும் மேடையில் நடப்பவை. 'நுழைந்தார்' என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல் 'ஆந்த்ரா'. அண்டை மாநிலத்தின் பெயரைப் போல ஒலிப்பதால் இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

முதல் குழு: பத்தில் ஒன்பது வினைகள்

பிரெஞ்சு அகராதியில் ஒரு வினைச்சொல் எந்த எழுத்துகளில் முடிகிறது என்பதை வைத்து அதன் குழுவை அறியலாம். ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளில் முடிபவை முதல் குழு. பிரெஞ்சு வினைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இக்குழுவைச் சேர்ந்தவை. ஆகவே இந்த ஒரு குழுவைக் கற்றாலே பெரும்பகுதி கைவந்துவிடும்.

'பேசு' என்னும் பொருளுடைய 'பார்லே' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். இறுதியிலுள்ள ஈ, ஆர் இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது பகுதி. அதனோடு கீழ்க்காணும் விகுதிகளைச் சேர்க்க வேண்டும்.

நான் பேசினேன்: ஜெ பார்லே (விகுதி: ஏ, ஐ)
நீ பேசினாய்: த்யூ பார்லா (விகுதி: ஏ, எஸ்)
அவன் பேசினான், அவள் பேசினாள்: இல் பார்லா, எல் பார்லா (விகுதி: ஏ)
நாங்கள் பேசினோம்: நூ பார்லாம் (விகுதி: ஏ, எம், ஈ, எஸ், ஏயின் மேல் கூரை)
நீங்கள் பேசினீர்கள்: வூ பார்லாத் (விகுதி: ஏ, டி, ஈ, எஸ், ஏயின் மேல் கூரை)
அவர்கள் பேசினார்கள்: இல் பார்லேர் (விகுதி: ஈ, ஆர், ஈ, என், டி, முதல் ஈயின் மேல் சாய்கோடு)

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முன்னிலை ஒருமையும் படர்க்கை ஒருமையும் காதுக்கு ஒன்றே. எழுத்தில் மட்டும் எஸ் அவற்றைப் பிரிக்கிறது. தன்மை ஒருமையான 'பார்லே', அகராதி வடிவமான 'பார்லே'யோடு ஒலியில் ஒத்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். தமிழில் 'ஏன்', 'ஆய்', 'ஆன்', 'ஆள்' என ஒவ்வொரு விகுதியும் தனித்து ஒலிப்பதால் 'நான்', 'நீ' என்று சொல்லாமலே வாக்கியம் அமைக்கிறோம். பிரெஞ்சில் அது முடியாது. எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. 'சாப்பிடு' என்னும் பொருளுடைய 'மான்ஜே' என்பதில் ஜகர ஒலியைத் தருவது ஜி என்ற எழுத்து. ஆனால், ஜிக்குப் பின் ஏ வந்தால் ககர ஒலியாக மாறிவிடும். அதைத் தடுக்க இடையில் ஓர் ஈயைச் செருகுவார்கள். 'அவன் சாப்பிட்டான்' என்பது 'மான்ஜா'. அதை எழுதும்போது ஜி, ஈ, ஏ என்று முடியும். படர்க்கைப் பன்மை விகுதி ஈயில் தொடங்குவதால் 'மான்ஜேர்' என்பதற்கு அந்தச் செருகல் தேவையில்லை. 'தொடங்கு' என்னும் பொருளுடைய 'கொமான்ஸே' என்பதிலும் இதே கதைதான். அங்கே சி என்ற எழுத்தின் கீழே ஒரு சிறு வால் போட்டுச் சகர ஒலியைக் காப்பாற்றுவார்கள். பன்மையில் வாலும் போய்விடும்.

இன்னொரு நல்ல செய்தி. 'போ' என்னும் பொருளுடைய 'ஆலே', நிகழ்காலத்தில் மாணவரை அழவைக்கும் ஒழுங்கற்ற வினை. தனி இறந்தகாலத்தில் அது சாதுவாக முதல் குழுவைப் பின்பற்றி 'ஆலா', 'ஆலேர்' என்று வரும். 'வாங்கு', 'எறி', 'அழை' போன்ற வினைகள் நிகழ்காலத்தில் பகுதியையே சற்று மாற்றிக்கொள்பவை. அவையும் இங்கே மாறுவதில்லை. கடினம் என்று அஞ்சப்படும் இந்தக் காலவடிவம், ஒழுங்கான வினைகளைப் பொறுத்தவரை நிகழ்காலத்தைவிட எளியது என்பதே என் அனுபவம்.

இரண்டாம் குழுவும் மூன்றாம் குழுவின் ஒழுங்கான வினைகளும்

ஐ, ஆர் எழுத்துகளில் முடியும் சில நூறு வினைகள் இரண்டாம் குழு. 'முடி' என்னும் பொருளுடைய 'ஃபினீர்' இவற்றின் தலைமகன். ஆர், ஈ என்று முடியும் 'வாந்த்ர்' (விற்றல்), 'அத்தாந்த்ர்' (காத்திருத்தல்) போன்றவை மூன்றாம் குழுவைச் சேர்ந்தவை. இரண்டிற்கும் தனி இறந்தகால விகுதிகள் ஒன்றே. முதல் குழுவில் ஏ என்ற எழுத்து ஆட்சி செய்தது போல இங்கே ஐ ஆட்சி செய்கிறது.

நான் முடித்தேன்: ஜெ ஃபினி (விகுதி: ஐ, எஸ்)
நீ முடித்தாய்: த்யூ ஃபினி (விகுதி: ஐ, எஸ்)
அவன் முடித்தான்: இல் ஃபினி (விகுதி: ஐ, டி)
நாங்கள் முடித்தோம்: நூ ஃபினீம் (விகுதி: ஐ, எம், ஈ, எஸ், ஐயின் மேல் கூரை)
நீங்கள் முடித்தீர்கள்: வூ ஃபினீத் (விகுதி: ஐ, டி, ஈ, எஸ், ஐயின் மேல் கூரை)
அவர்கள் முடித்தார்கள்: இல் ஃபினீர் (விகுதி: ஐ, ஆர், ஈ, என், டி)

'வாந்த்ர்' என்பதையும் இப்படியே மாற்றுங்கள். ஆர், ஈ இரண்டையும் நீக்கிவிட்டு மேலுள்ள விகுதிகளைச் சேர்த்தால், 'அவள் விற்றாள்' என்பது 'எல் வாந்தி' ஆகும். வகுப்பில் நான் இதை உரக்கப் படித்தபோது பின்வரிசையில் இருந்த தமிழ் மாணவர்கள் மட்டும் சிரித்தார்கள். விரிவுரையாளருக்கு ஏனென்று விளங்கவில்லை. 'புறப்படு', 'தூங்கு', 'வெளியே செல்' என்ற பொருளுடைய வினைகளும் இந்த ஐகார வரிசையையே பின்பற்றும்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. 'ஃபினீர்' வினையின் ஒருமை வடிவங்கள் மூன்றும் நிகழ்காலத்திலும் எழுத்து மாறாமல் இப்படியே இருக்கும். 'இல் ஃபினி' என்றால் 'முடிக்கிறான்' என்றும் கொள்ளலாம், 'முடித்தான்' என்றும் கொள்ளலாம். பக்கத்து வினைகள் எந்தக் காலத்தில் நிற்கின்றன என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பன்மையிலும் 'வாந்த்ர்' வகை வினைகளிலும் இந்த மயக்கம் இல்லை.

ஒழுங்கற்ற வினைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுள் பல, யு என்ற எழுத்தை ஆட்சி எழுத்தாகக் கொண்டவை. 'இரு' வினையின் படர்க்கை வடிவம் 'ஃப்யூ'. 'இறந்தார்' என்பது 'மூர்யூ'. 'பிறந்தார்' என்பது 'நாக்கி'. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது முதல் பக்கத்தில் 'நாக்கி'யும் கடைசிப் பக்கத்தில் 'மூர்யூ'வும் வரும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இவற்றைப் பட்டியலாக மனனம் செய்வதைவிடப் படிக்கப் படிக்க அடையாளம் காண்பதே எளிது.

பகுபத உறுப்பிலக்கணம் இங்கே செல்லுமா?

தமிழில் 'படித்தேன்' என்பதைப் படி + த் + த் + ஏன் என்று பிரிப்போம். படி பகுதி, முதல் தகரம் சந்தி, இரண்டாவது தகரம் காலங்காட்டும் இடைநிலை, ஏன் என்பது ஆளைக் காட்டும் விகுதி. காலத்தைக் காட்டுவது ஓர் உறுப்பு, ஆளைக் காட்டுவது வேறோர் உறுப்பு.

பிரெஞ்சு 'பார்லா'வை இப்படிப் பிரிக்கப் பார்த்தால் இடைநிலை கிடைக்காது. இறுதியிலுள்ள அந்த ஒற்றை ஆகாரமே காலத்தையும் ஆளையும் சேர்த்துச் சுமக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடியபோது கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிரெஞ்சின் தாயான இலத்தீனில் 'பாடினேன்' என்பது 'கந்தாவி'. கந்தா + வ் + இ என்று அதைப் பிரிக்கலாம். கந்தா பகுதி, வகரம் செயல் முடிந்ததைக் காட்டும் உறுப்பு, இகரம் தன்மை ஒருமை விகுதி. நம் பகுபதம் போலவே இருக்கிறது அல்லவா? நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்த வகரம் தேய்ந்து மறைந்தது. நடுவிலிருந்த உறுப்பு போனதும் இருபுறமும் இருந்த உயிர்கள் ஒன்றாகிவிட்டன. இன்று பிரெஞ்சில் 'பாடினேன்' என்பது 'ஷாந்தே'.

ஏகாரத்தின் மேலும் இகரத்தின் மேலும் நிற்கும் கூரைக்கும் ஒரு கதை உண்டு. 'நீங்கள் பாடினீர்கள்' என்பதன் பழைய எழுத்துக்கூட்டலில் ஓர் எஸ் இருந்தது. ஒலிப்பில் அது மறைந்த பின்னும் எழுத்தில் நெடுங்காலம் தங்கியிருந்தது. 1740இல் வெளிவந்த பிரெஞ்சுக் கழக அகராதியின் மூன்றாம் பதிப்பு, இத்தகைய ஒலியற்ற எஸ் பலவற்றை நீக்கி முந்தைய உயிரெழுத்தின் மேல் கூரை போட்டது. ஆங்கிலத்திலும் மலாயிலும் நாம் 'ஹாஸ்பிட்டல்', 'ஹொஸ்பிதால்' என்று சகரத்தோடு சொல்கிறோம். பிரெஞ்சில் அது 'ஒப்பிதால்'. ஓ எழுத்தின் மேல் கூரை. சகரம் இருந்த இடத்தின் நினைவுச் சின்னம் அது. 'நாங்கள்' வடிவத்தில் முதலில் எஸ் இல்லை. 'நீங்கள்' வடிவத்தைப் பார்த்து அது பின்னர் ஒட்டிக்கொண்டது. 1990இல் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு எழுத்துகளின் மேலிருந்த கூரைகளைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தபோதும், தனி இறந்தகால விகுதிகளில் அவை இருக்க வேண்டும் என்று விலக்கு அளித்தது.

இன்னொரு ஒப்பீடும் செய்யலாம். தமிழில் இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று பல. 'அறி' என்பது அறிந்தேன் ஆகிறது. 'படி' என்பது படித்தேன் ஆகிறது. 'ஓடு' ஓடினேன் ஆகிறது. 'போடு' போட்டேன் ஆகிறது. எந்த வினைக்கு எது என்று பிறமொழியினர் கேட்டால் நாம் தடுமாறுவோம். இவற்றையெல்லாம் சிறு வயதிலேயே விழுங்கிவிட்ட நமக்கு, ஆகாரம் ஒன்று, இகரம் ஒன்று என்னும் இரண்டே வரிசைகள் கொண்ட பிரெஞ்சு ஒழுங்கு வினைகள் அச்சம் தரத் தேவையில்லை.

ஓர் எஸ் செய்யும் வேலை

இதைப் படித்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஒரு சான்று தருகிறேன். 'நேசி' என்னும் பொருளுடைய 'எமே' வினையின் தன்மை ஒருமை, தனி இறந்தகாலத்தில் ஏ, ஐ என முடியும். தொடர் இறந்தகாலத்தில் ஏ, ஐ, எஸ் என முடியும். முதலாவது, 'நேசித்தேன், அது ஒரு நிகழ்வு, முடிந்துவிட்டது' என்ற தொனியைத் தரும். இரண்டாவது, 'நேசித்துக்கொண்டிருந்தேன்' என்று அந்த நாள்களுக்குள்ளேயே நம்மை நிறுத்தும். ஒரு நாவலின் நாயகி தன் கடந்த காலத்தை எப்படிப் பார்க்கிறாள் என்பது ஓர் எழுத்தில் தங்கியிருக்கிறது. அந்த எஸ் கண்ணில் படாதவருக்குக் கதை புரியும். கதையின் மனம் புரியாது.

பேச்சிலிருந்து எப்படி விலகியது?

தனி இறந்தகாலம் ஒரு காலத்தில் பிரெஞ்சு மக்களின் நாவில் இருந்தது. 1660இல் வெளிவந்த புகழ்பெற்ற போர்-ரோயால் இலக்கணம், இரண்டு இறந்தகாலங்களுக்கும் ஓர் எல்லைக்கோடு போடுகிறது. இன்று நடந்ததற்குக் கூட்டு வடிவம்; குறைந்தது ஒரு நாளாவது கடந்துவிட்டதற்குத் தனி வடிவம். ஆனால், கூட்டு வடிவம் தன் எல்லையை விரிவாக்கிக்கொண்டே சென்றது. 'இன்று பேசினேன்' என்பதற்கு வந்தது, பிறகு 'நேற்று பேசினேன்' என்பதற்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டளவில் பாரிஸ் வட்டாரப் பேச்சில் தனி வடிவத்திற்கு இடமில்லாமல் போயிற்று. ஸ்பானிய மொழியோ அதே இலத்தீன் வடிவத்தை இன்றளவும் அன்றாடப் பேச்சில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

1959இல் எமீல் பென்வெனிஸ்த் என்னும் மொழியியலாளர் இதற்குத் தெளிவான விளக்கம் ஒன்றைத் தந்தார். பிரெஞ்சில் இரண்டு தளங்கள் உள்ளன. ஒன்று, 'நான் உன்னிடம் சொல்கிறேன்' என்னும் உரையாடல் தளம். மற்றொன்று, சொல்பவர் மறைந்து நிகழ்ச்சிகள் தாமே நடப்பது போன்ற வரலாற்றுத் தளம். தனி இறந்தகாலம் இரண்டாவது தளத்திற்கு உரியது.

இதை அறிந்தே உடைத்த எழுத்தாளரும் உண்டு. அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலின் கதைசொல்லலைப் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்தில் அமைத்தார். நாவல் என்றால் தனி இறந்தகாலம் என்று பழகிய வாசகருக்கு அது புதிதாக இருந்தது. நிகழ்ச்சிகள் கோவையாகச் செல்லாமல் ஒவ்வொன்றும் தனித்து நிற்பது போன்ற உணர்வைத் தந்தது. மறு ஆண்டு சார்த்ர் எழுதிய கட்டுரையிலும் இது பேசப்பட்டது. மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு இந்த வேறுபாடு எட்டுவதே இல்லை.

ஒரு பயிற்சி

ஒரு மூதாட்டி சந்தைக்குப் போனாள் (ஆலா). கூடையை வைத்தாள் (போஸா). மாலை வரை காத்திருந்தாள் (அத்தாந்தி). பூசணிக்காய்களை விற்றாள் (வாந்தி). ஒரு மாம்பழம் சாப்பிட்டாள் (மான்ஜா). வேலையை முடித்தாள் (ஃபினி). வீடு திரும்பினாள் (ராந்த்ரா).

இப்போது ஒரு மூதாட்டிக்குப் பதில் இரண்டு மூதாட்டிகள் என்று மாற்றிப் பாருங்கள். ஆலேர், போஸேர், அத்தாந்தீர், வாந்தீர், மான்ஜேர், ஃபினீர், ராந்த்ரேர் என வர வேண்டும். ஆகார வரிசை ஏர் என்றும் இகர வரிசை ஈர் என்றும் முடிவதைக் காதே பிடித்துக்கொள்ளும்.

இதே கதையைக் கூட்டு இறந்தகாலத்தில் சொல்வதாக இருந்தால், போதல், திரும்புதல் ஆகியவற்றிற்கு ஒரு துணைவினை, மற்றவற்றிற்கு வேறொரு துணைவினை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்களில் பெண்பாலையும் பன்மையையும் எச்சவடிவத்தில் காட்ட வேண்டும். தனி இறந்தகாலத்தில் அந்தக் கவலைகள் இல்லை. ஆணோ பெண்ணோ வடிவம் ஒன்றே. ஒரே சொல், ஒரே விகுதி.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு ஒரு வடிவம் என்பது நமக்குப் புதிதன்று. மலாயில் 'தெலா' என்று கட்டுரையில் எழுதுகிறோம். நண்பரிடம் 'சுடா' என்றோ வெறும் 'டா' என்றோ சொல்கிறோம். தமிழில் இடைவெளி இன்னும் பெரியது. 'மச்சான், சாப்ட்டாச்சா?' என்று கேட்டுவிட்டு, அதையே கதையாக எழுதும்போது 'சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டான்' என்கிறோம். தமிழ் நாவல்களில் மேற்கோள்குறிக்குள் பேச்சுத்தமிழும் வெளியே எழுத்துத்தமிழும் வருவது போலவே, பிரெஞ்சு நாவலில் மேற்கோளுக்குள் கூட்டு இறந்தகாலமும் வெளியே தனி இறந்தகாலமும் வரும்.

பிரான்சில் இந்த வடிவத்தைப் பள்ளியில் எவ்வளவு கற்பிப்பது என்பது பெரிய விவாதம். 2016இல் நடப்புக்கு வந்த பாடத்திட்டம் தொடக்கப்பள்ளியில் படர்க்கை வடிவங்களுக்கு மட்டும் முதன்மை தந்தது. கதையில் பெரும்பாலும் 'அவன்', 'அவர்கள்' தானே வருகிறார்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். குழந்தைகளிடமிருந்து இலக்கியத்தைப் பறிக்கிறார்கள் என்பது மறுதரப்பின் வாதம். நாம் சிறுவயதில் படித்த ஈனிட் பிளைட்டனின் 'ஐவர் குழு' கதைகளின் பிரெஞ்சுப் பதிப்பிலும், புதிய பதிப்புகளில் தனி இறந்தகாலத்தை நீக்கி நிகழ்காலமாக மாற்றினார்கள். அதற்கும் எதிர்ப்புக் கிளம்பியது.

இந்த விவாதத்தைப் படித்தபோது எனக்கு என் தம்பியின் நினைவு வந்தது. அவன் நன்றாகத் தமிழ் பேசுவான். தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழைப் பாடமாக எடுக்கவில்லை. ஒரு தமிழ்ச் சிறுகதையைக் கையில் கொடுத்தால் நான்காம் வரியில் கீழே வைத்துவிடுவான். 'வந்தனர்', 'கூறினாள்' என்பவை அவன் காதுக்குப் பழகாதவை. நம்மிடையே இப்படிப்பட்ட தம்பி தங்கைகள் இல்லாத வீடு குறைவு. பேச்சுத்தமிழை வகுப்பில் வளர்க்க வேண்டும் என்று சிங்கப்பூரின் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்ததில் பெரும் நியாயம் இருக்கிறது. பேச்சு போனால் மொழி போகும். ஆனால், பேச்சு மட்டும் எஞ்சினால் நூலகம் முழுவதும் பூட்டிய வீடாகிவிடும்.

பிரெஞ்சுக் குழந்தை தனி இறந்தகாலத்தை இலக்கண அட்டவணையில் முதலில் சந்திப்பதில்லை. பெற்றோர் வாய்விட்டுப் படிக்கும் கதையில் சந்திக்கிறது. பள்ளிக்குப் போகும் முன்பே அதன் காதில் 'ஆந்த்ரா', 'ஆலா' எல்லாம் ஏறியிருக்கும். சில பிள்ளைகள் ஒழுங்கற்ற வினைகளுக்கும் ஆகார விகுதியைச் சேர்த்துத் தாமாகவே புதுச்சொல் ஆக்கிவிடுவார்கள். அது தவறான சொல்தான். ஆனாலும், விதி அவர்களுக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. எவரும் பேசாத ஒரு வடிவம் இத்தனை தலைமுறை பிழைத்திருப்பதில் இந்த வாசிப்பிற்குப் பெரும்பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் இருந்து, வாரத்தில் இரண்டு இரவுகள் தம்பிக்கு ஒரு தமிழ்ச் சிறுகதையை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். பத்து நிமிடம்தான். முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். இப்போது 'அப்புறம்?' என்று கேட்கிறான். கழக நண்பர்களும் தத்தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பிரெஞ்சு படிக்க விரும்பும் நண்பர்கள் மேலே தந்த இரண்டு விகுதி வரிசைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒரு சிறுவர் கதைப்புத்தகத்திற்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். அந்த்வான் த செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' நல்ல தொடக்கம். அதில் தனி இறந்தகாலம் நிறைய உண்டு, வாக்கியங்களும் சிறியவை. பத்துப் பக்கம் கடந்தால் அந்தத் தாள் தேவைப்படாது.